பத்தும் சிவப்பு

ஏற்காட்டில் இருபது வருடமாகக் காப்பிப் பழம் பறித்துத் தேய்ந்த உடம்பு என்னுடையது. காதல் கல்யாணம் செய்த மகளோடு மூன்று வருடம் பேசவில்லை. கோபமும் அலுத்துப்போய், ஒருநாள் அவளுடைய கடற்கரை ஊருக்கே போனேன். பாறையில் நின்று தூண்டில் வீசும் மருமகனுக்கு, தூண்டிலில் இரையாகக் கட்டும் பொம்மை மீன்கள் பத்து வாங்கிப் போயிருந்தேன். பழுத்ததையே தேடிப் பழகிய கண்; பத்தும் சிவப்பு.

"நல்லாருக்கு அத்தை" என்று ஒன்றைக் கட்டினார். மதியம்வரை வெயிலில் வீசியும் ஒரு மீனும் சிக்கவில்லை.

"வெள்ளியாட்டம் மின்னுனாத்தாம்மா இங்க மீன் கடிக்கும். அந்த மாதிரி பொம்மை மீனு அவரு பையிலயே கெடக்குது" என்றாள் மகள்.

"மாத்தச் சொல்லு கண்ணு."

"சொல்லிட்டேன். நீ ஊருக்குப் போற வரைக்கும் மாத்த மாட்டாராம்."

இவரையா மூன்று வருடம் ஏசினேன்? அன்று மீன் குழம்பு இல்லை. அவர் ஊற்றிய ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.