சம்பந்தி கட்டிய மலை

அந்தத் தெருவில் வயதானவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு பல்செட்டுக்காரர் கையால் ஆனது. அவர் சிரித்துத்தான் யாரும் பார்த்ததில்லை. சிடுமூஞ்சி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எந்த வேலையும் மயிரிழை பிசகினால் அவருக்குப் பொறுக்காது. உலகத்திலோ பிசகாத வேலை கிடையாது. அப்புறம் எங்கே சிரிப்பது? அவருடைய அப்பாவும் இதே ரகம்தான். சித்தப்பா இன்னும் ஒரு படி மேல். சம்பந்தம் பேசப் போன வீட்டில் சுவரில் படம் கோணலாகத் தொங்குகிறதென்று எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்தவர். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

வீட்டின் கீழே பட்டறை. அச்சு, மெழுகு, பிளாஸ்டர் மாவு, வரிசையாகப் பல். மாடிப் பின்னறையில் ரயில். மூத்த அக்காள் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்த்தவர், பிள்ளை குட்டி இல்லாதவர். அவர் போனபோது ஒரு பொம்மை எஞ்சினும் சில பெட்டிகளும் மைத்துனரான இவருக்கு வந்து சேர்ந்தன. அதிலிருந்து பிடித்த பைத்தியம். இப்போது அறையை அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை, அதன்மேல் தண்டவாளம், நிலையம், பாலம்.

மேசையைக்கூட அவர் சும்மா அடிக்கவில்லை. கை எட்டுகிற அகலத்துக்கு மேல் போகவே கூடாது என்பார். "கவுந்த பெட்டியை எடுக்க மேசைமேல தவழ்ந்து போறவன் ரயில் ஓட்டல, எருமை மேய்க்கறான்." ஒரு தண்டவாளமும் அடுத்ததும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும். பல்லுக்கும் அதே கணக்குத்தான், நாக்குத் தட்டினால் செட்டு சரியில்லை. கரன்ட் ஒரே இடத்தில் கொடுத்தால் தூரத்தில் போகப் போக எஞ்சின் கிழவன் மாதிரி மூச்சு வாங்கும் என்று, மேசைக்கு அடியில் பல இடங்களில் ஒயர் இழுத்து ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ரயிலுக்குத்தான் சம்பந்தி வந்து சேர்ந்தார்.

சம்பந்தி என்றால் ஒரே மகளுடைய மாமனார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியே பிள்ளைகளை ஆளாக்கியவர். மனைவி போனபின் மூத்த மகன் வீட்டில் இருந்தார். அங்கே மருமகளுக்கும் அவருக்கும் ரேடியோ சத்தத்தில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் தகராறு. இளையவன் இங்கே, மாமனார் வீட்டு முன்பகுதியில் குடியிருக்கிறான். அவனோடு இருக்கலாம் என்று பெட்டியோடு வந்தார். வந்தவருக்கு உட்கார்ந்தால் கூச்சம், சாப்பிட்டால் கூச்சம். மருமகள் பிறந்த வீட்டில் சும்மா உட்கார்ந்து தின்பதா என்று மகனிடம் முனகிக்கொண்டே இருந்தார். தனி வீடு பார், இல்லாவிட்டால் நான் கிளம்புகிறேன் என்றார்.

மகள் ஒருநாள் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அப்பா, மாமாவுக்கு இங்க ஏதாவது ஒரு வேலை இருந்தாத்தான் இருப்பாரு. இல்லன்னா ஊருக்கு அந்தப் பக்கம் வீடு பார்க்கணுமாம். இவரும் தலையாட்டிட்டாரு."

"என்ன வேலை குடுக்கறது? பல்லுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லவா?"

"மாடியில ரயில் இருக்கே."

பல்செட்டுக்காரருக்குத் தன் பல்லையே பிடுங்கினாற்போல இருந்தது. ஆனால் மகள் வீட்டை விட்டுப் போனால் தானும் மனைவியும் சுவரைப் பார்த்துப் பேச வேண்டியதுதான் என்பது அவருக்குத் தெரியும். அவள் சமையலறையில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்காத காலை அவருக்கு நினைத்துப் பார்க்கவே முடியாது. "வரச் சொல்லு" என்றார்.

ஆரம்பித்தது வினை.

சம்பந்தியின் முதல் வார்த்தையே இதுதான்: "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? தண்டவாளம் என்ன புதுத் தட்டு மாதிரி பளபளங்குது? கொஞ்சம் துரு வேணாமா?" இவர் கீழே போய்த் திரும்புவதற்குள் துரு வந்துவிட்டது. பக்கவாட்டில் மட்டும் அடித்து, காய்வதற்குள் மேல்முகத்தைத் துடைத்துவிட்டால் அழகுதான். சம்பந்தி மேலும் கீழுமாக முழுசாக அடித்திருந்தார். எஞ்சின் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகக் கரன்ட் எடுக்கிற பிராணி. பெயின்ட் வழியாக அது எங்கே எடுக்கும்? அசையாமல் நின்றது.

சொந்தத் தம்பியாக இருந்தால் மாடியிலிருந்து கீழே உருட்டியிருப்பார். சம்பந்தியை என்ன செய்ய? பெண் கொடுத்தவன் வாயில் எப்போதும் வெல்லம் இருக்க வேண்டுமே.

"அருமை சம்பந்தி. அச்சு அசல்!"

சம்பந்தி குளிக்கப் போன நேரம் பார்த்துத் பெயின்ட் கரைக்கிற தின்னரும் துணியுமாக உட்கார்ந்து மேல்முகத்தை இழை இழையாகத் துடைத்தார். சக்கரங்களைக் கழற்றித் துடைத்தார். உப்புத்தாள் போட்டால் சீக்கிரம் போகும், ஆனால் கீறலில் அழுக்கு குடியேறிவிடும், அதனால் துணிதான். துடைக்கத் துடைக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்படியே கடிச்சுக்கிட்டிருங்க" என்றார் மனைவி. "கடைசியில உங்களுக்கு நீங்களே செட்டு செஞ்சுக்கலாம். கடைக்காரருக்குக் கடைச்சரக்கு."

அடுத்தது ஜல்லி. தண்டவாளத்துக்கு நடுவே பொடிக்கல் பரப்பிப் பசை விடுவது நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை. ஆனால் ரயில் தடம் மாறுகிற இடத்தில் ஒரு நாக்கு இப்படியும் அப்படியும் நகர வேண்டும். அங்கே கல்லைக் கொஞ்சமாகப் போட்டு, பசை படாமல், காய்கிறவரை நாக்கை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சம்பந்தி தாராள மனசுக்காரர். பசையை ஊற்றியே விட்டார். வாய்ப்பூட்டுப் போட்டாற்போல நாக்கு நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா, ஒரு கல்லு கூட அசையாது!" என்றார் பெருமையாக.

"ஆமா சம்பந்தி. எதுவுமே அசையாது" என்றார் பல்செட்டுக்காரர். மெழுகு செதுக்குகிற ஊசியால் ஒவ்வொரு கல்லாகக் குத்தி எடுத்ததில் அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. செட்டுக்காகக் காத்திருந்த ஒரு கிழவர் பொக்கை வாயோடு பட்டறை வாசலில் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். பாவம், என்ன சொன்னாரென்றும் புரியவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பல்செட்டுக்காரருக்கு ஓர் ஆசை. முன்பு ரயில் வட்டமாகச் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, நேரே போய் மேசைக் கோடியில் பெரிய வளையம் ஒன்று சுற்றி, போன பாதையிலேயே எதிர்முகமாகத் திரும்பி வரும்படி செய்ய வேண்டும். வளையத்தைத் தன் கையாலேயே போட்டார். நகத்தை ஓட்டினார், ஒரு தட்டல் இல்லை. ஓட்டிப் பார்க்காமல் எதையும் மூடாதே என்பது அவருடைய முதல் சட்டம். ஓட்டுவதற்குள் கீழே அவசர செட்டு ஒன்று வந்துவிட்டது.

முடித்துவிட்டு மாடி ஏறினால், வளையத்தின் மேல் மலை உட்கார்ந்திருக்கிறது. கம்பிவலையை வளைத்து, கந்தல் துணியைப் பிளாஸ்டரில் தோய்த்துப் போர்த்தி, பச்சையும் அடித்தாயிற்று. பல்லுக்கு வைத்திருந்த பிளாஸ்டர்!

"சம்பந்தி... உள்ளே ரயில் மாட்டிக்கிட்டா கை விடறதுக்குப் பின்பக்கம் வழி?"

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? மலைக்கு யாராவது முதுகுல ஜன்னல் வெப்பாங்களா?"

பின்னாலேயே மகள் வந்தாள். "அப்பா, மாமா இன்னிக்குப் பாடிக்கிட்டே வேலை பண்ணாருப்பா" என்று காதோடு சொன்னாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, வந்த வார்த்தையை அவர் மென்று முழுங்கினார்.

மறுநாள் ஒயரை இணைத்துச் சுவிட்சைப் போட்டார். கரன்ட் பெட்டி ஒரு முறை உறுமிற்று, சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கேயோ இரண்டு தண்டவாளமும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று அர்த்தம். அணைத்துப் போட்டார், மறுபடியும் சிவப்பு. எங்கே தொடும்? யோசிக்கவே வேண்டாம், கம்பிவலை! மலைக்கு அடியில் வலையின் நுனி தண்டவாளத்தில் பட்டிருக்கும். வேறு யார் செய்த வேலையில் கோளாறு வரும்?

சுத்தியலை எடுத்தார். முதல் அடியில் உச்சி உடைந்தது. அடுத்ததில் ரயில் நுழைகிற குகை வாயில். பிளாஸ்டர் பொடி முகமெல்லாம் அப்ப, வலையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். கதவருகே நிழல் தட்டியது. கையில் டீயோடு சம்பந்தி.

இத்தனை நாள் முழுங்கியதெல்லாம் அப்போது வெளியே வந்தது.

"நீங்க தொட்ட எது ஓடுது? தண்டவாளத்தைத் தொட்டீங்க, நின்னுச்சு. ஜல்லி போட்டீங்க, ஒட்டிக்கிச்சு. இப்ப மலை! உங்களை யாரு மலை கேட்டா? உங்க பெரிய மருமக ஏன் ரேடியோவுக்குச் சண்டை போட்டான்னு இப்பத்தான் தெரியுது!"

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. சம்பந்தி டீயை நிலையத்து மேடைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மனைவி மேலே வந்தார். "சம்பந்தியைத் திட்டிட்டீங்களா? கீழ பெட்டி கட்டறாரு. மாப்பிள்ளை வேற வீடு பார்க்க புரோக்கருக்குப் போன் போட்டுக்கிட்டிருக்காரு."

"அவ என்ன சொல்றா?"

"உங்க மக ஒண்ணுமே சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

பல்செட்டுக்காரர் மேசையைப் பார்த்தார். மலை போய்விட்டது. வலையில் ஒரு கம்பிகூட மிச்சமில்லை. ஆத்திரம் தீருகிற மாதிரி சுவிட்சைப் போட்டார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மனைவியின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் ஒன்றும் நீல நூல் ஒன்றும் வாங்கிக்கொண்டு, இடது தண்டவாளத்தின்மேல் சிவப்பையும் வலதின்மேல் நீலத்தையும் விரித்துக்கொண்டே போனார். வளையத்துக்குள் நுழைந்தார், சுற்றினார், வெளியே வந்தார். வந்த இடத்தில் சிவப்பு நூல் நேராகப் போய் நீல நூலின்மேல் படுத்துக்கொண்டது.

வலையும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. ரயில் முகம் திருப்பி வந்தால் இடது வலதாகும், வலது இடதாகும். தன்னைத் தானே தொட்டுக்கொள்ளும் பாதையில் கரன்ட் எப்படி நிற்கும்? ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை, இந்த நூலை முதல் நாளே விரித்திருந்தால் போதும். மூட்டு மூட்டாக நகத்தை ஓட்டியவர், மொத்தமாகப் பாதை எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

கீழே போனார். சம்பந்தி சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி. மலையில கோளாறு இல்ல. நான் போட்ட வளையந்தான் தப்பு."

சம்பந்தி நிமிரவில்லை.

"ரேடியோ பேச்சு பேசினதும் தப்பு."

"நீங்க திட்டினதுக்கு நான் போறேன்னு நினைச்சீங்களா?" என்றார் சம்பந்தி. "எங்க அப்பா திட்டாத திட்டா? பெயின்ட்டை நீங்க துடைச்சது எனக்குத் தெரியாதா? குளிச்சிட்டு வந்தா வீடெல்லாம் தின்னர் வாசனை. என் பாதி ஆயுசு அந்த வாசனையிலதான் போச்சு. கல்லைக் குத்திக் குத்தி எடுத்தீங்களே, அதுவும் தெரியும். மூஞ்சிக்கு நேரா அருமை அருமைன்னுட்டு முதுகுக்குப் பின்னால அழிச்சா? ஒரு வார்த்தை, 'யோவ், மேல அடிக்காதே, சைடுல அடி'ன்னு சொல்லியிருந்தா அடிச்சிருக்க மாட்டேனா? குழந்தை கிறுக்கினதுக்குக் கை தட்டற மாதிரி தட்டிக்கிட்டு... இதுக்கு மூத்தவன் வீடே தேவலை. அங்க மூஞ்சிக்கு நேராத்தான் திட்டறாங்க."

சட்டையொன்று மடிந்து பெட்டிக்குள் போயிற்று. அடுத்த சட்டையைச் சம்பந்தி எடுத்தபோது பல்செட்டுக்காரர் சொன்னார்:

"அப்ப நேராவே சொல்றேன். அந்த மலை கேவலமா இருந்துச்சு."

சம்பந்தியின் கை நின்றது. "என்னது?"

"மலையா அது? பச்சைப் போர்வையைப் போத்திக்கிட்டு எவனோ காய்ச்சல்ல படுத்திருக்கற மாதிரி."

"காய்ச்சல்ல படுத்த மாதிரியா! ஊருல பாதி போர்டு நான் எழுதினது, தெரியுமா?"

"போர்டு தட்டையா இருக்கும். மலை தட்டையா இருக்காது."

"வளையத்தைத் தலைகீழாப் போட்டவரு எனக்கு மலை சொல்லித்தராரு!"

"தலைகீழா இல்ல. வாங்க, காட்டறேன். நூல் விரிச்சு வெச்சிருக்கேன்."

கையில் சட்டையோடே சம்பந்தி மாடி ஏறினார். நூலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்ப என்ன பண்றது? பிரிச்சுடுவீங்களா?"

"பிரிக்க வேணாம். வளையம் ஆரம்பிக்கற இடத்துல ரெண்டு தண்டவாளத்தையும் வெட்டணும், முடியற இடத்துலயும் வெட்டணும். வளையத்துக்குத் தனி கரன்ட். ரயில் முழுசா உள்ளே இருக்கறப்ப, வெளிப்பாதைக்கு ஒரு சுவிட்ச் வெச்சு இடம் வலம் மாத்திவிடணும். மாத்தினா நேரா வெளிய வந்துடும். மாத்தலைன்னா வாசல்லயே நின்னுடும்." கொஞ்சம் நிறுத்தி, விருப்பமில்லாதவர் போலச் சொன்னார்: "சுவிட்ச் அந்தக் கோடியில இருக்கணும். நான் இந்தக் கோடியில வேகத்தைப் பார்க்கணும். ஒரு ஆளால ஆகாது."

"ஆள் வேணும்ங்கறீங்க."

"வேணும்."

"மலை?"

"கட்டுங்க. பின்பக்கம் கை விடற அளவு ஓட்டை இருக்கணும். இல்லன்னா மறுபடி உடைப்பேன், உங்களைக் கூப்பிட்டு வெச்சு உடைப்பேன்."

அன்றைக்கே தண்டவாளத்தை வெட்டினார்கள், சுவிட்சை வைத்தார்கள். சம்பந்தி ஸ்டூலைப் போட்டுக் கோடியில் உட்கார்ந்தார். முதல் தடவை ரயில் உள்ளே நுழைவதற்கு முன்பே சுவிட்சைத் திருப்பிவிட்டார், ரயில் வந்த வழியே பின்னுக்கு ஓடியது. அடுத்த தடவை, ரயில் வருகிற அழகை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் திருப்பவே மறந்துவிட்டார். ரயில் வாசலில் நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது.

கீழே மருமகன் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான்: "புரோக்கர் நாளைக்கு வீடு காட்டறானாம். என்ன சொல்ல?"

மகள் மாடிப் பக்கம் காதைக் கொடுத்தாள்.

"இப்பத் திருப்புய்யா!"

"இப்பவா?"

"ரயில் போனப்புறமா திருப்புவே? கண்ணு எங்கய்யா இருக்கு?"

"கத்தாதேய்யா, நீ கத்தறதுலதான் கை தடுமாறுது!"

"வீடு வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் மகள். மேலே கொண்டுபோக மாமனாருக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே டீ போடப் போனாள்.