போதும் அக்கா

என் அக்காவை அந்தக் கம்ப்யூட்டர் கடையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாங்க வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே, “போதும் அக்கா இருக்காங்களா?” என்பார்கள். அவள் சாப்பிடப் போயிருந்தால் காத்திருப்பார்கள். கழுத்தில் அட்டையும் உதட்டில் சிரிப்பும் மாட்டிக்கொண்டு மற்ற விற்பனையாளர்கள் வரிசையாக நிற்க, இவர்கள் சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். அந்தப் பெயரைக் கடைக்காரர்கள் என்ன பாடுபடுத்தினார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் விற்கிற விதமே தனி. எந்த மெஷினையும் காட்டுவதற்கு முன்னால், “இதுல என்ன வேலை பண்ணப் போறீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க” என்பாள். வந்தவர் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்பாள். ஒருமுறை ஒரு மளிகைக் கடைக்காரர் வந்தார். கீபோர்டுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கெரிகிற, விளையாட்டுப் பைத்தியங்கள் வாங்குகிற மெஷினைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றார். அவருக்கு வேலை என்னவென்றால், பில் போடுவது.

“அண்ணே, இவ்ளோ விளக்கு எதுக்கு? உங்க கடையில கரெண்ட் இருக்குல்ல?” என்று கேட்டுவிட்டு, மூலையில் அலங்காரமில்லாமல் கிடந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். “உங்களுக்கு இது போதும்.”

அவருக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. ஆனால் வாங்கிக்கொண்டு போனார். பிறகு மச்சினனுக்கு ஒன்று வாங்க வேண்டியிருந்தபோது அதே அக்காவைத் தேடித்தான் வந்தார். சில பேரிடம் அவள், “வீட்ல இருக்கறதே போதும், மெமரி மட்டும் சேர்த்துக்குங்க” என்று சொல்லி ஒன்றுமே விற்காமல் அனுப்பிவிடுவாள். அவர்களும் ஒருநாள் வருவார்கள். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு டிஜிட்டல் பிரிண்டிங் கடையில் டிசைனர். அந்த வட்டாரத்துக் கம்ப்யூட்டர் கடைகளின் பேனரெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அதனால் இவர்கள் விடுகிற கதையெல்லாம் எனக்கு அத்துப்படி. கொஞ்ச காலம் எல்லாமே ‘மெலிசு’. மெலிசாக்குகிறேன் பேர்வழி என்று இருந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்தார்கள். பென் டிரைவ் சொருக வேண்டுமா, அடாப்டர் என்று தனியாக ஒரு வால் வாங்கிக்கொள். மெமரியைக் கழற்றவோ சேர்க்கவோ முடியாதபடி போர்டோடு பற்றவைத்தார்கள். கனமாக இருக்கிறது, தூக்க முடியவில்லை என்று யார் இவர்களிடம் போய் அழுதது? அப்புறம் எல்லாமே ‘ஏஐ’. லேப்டாப்பில் ஏஐ, மானிட்டரில் ஏஐ. ஒரு மவுசுக்கே ஏஐ என்று ஸ்டிக்கர் அடிக்கச் சொல்லி எனக்கு ஆர்டர் வந்தது. தள்ளினால் நகரப் போகிறது, அதற்கு என்னத்துக்கு அறிவு? அந்த ஏஐக்காகப் பெரிய கம்பெனிகள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதால் நமக்கு விலை ஏறிவிட்டது என்கிறார்கள். அதாவது, நாம் கேட்காத ஒன்றைத் தருவதற்காக, நமக்கு வேண்டியதன் விலையை ஏற்றியிருக்கிறார்கள். இதைப் பேனரில் போடச் சொல்லி இன்றுவரை எவனும் என்னிடம் வரவில்லை.

அக்காவின் கடைக்குப் புது மேனேஜர் வந்தார். வந்த வாரமே எல்லோரையும் உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தார். அதில் ஒரு உத்தரவு: இனிமேல் கடைக்குள் யாரும் ‘போதும்’ என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது. “போதும்னு சொன்னா கஸ்டமர் மனசு அங்கேயே நின்னுடும். ‘இப்போதைக்கு ஓகே, ஆனா...’ அப்படின்னு இழுக்கணும். அந்த ‘ஆனா’லதான் நம்ம வியாபாரமே இருக்கு.”

அக்கா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். “என்னை பிரேக் போடாம ஓட்டச் சொல்ற மாதிரி இருக்கு” என்றார். அக்கா சிரிக்கவில்லை. பள்ளி விடுமுறை வந்தால் வேன் வாசலிலேயே நிற்கும். அப்போதெல்லாம் அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். அவள் வாயைக் கட்டிக்கொண்டு வேலை பார்க்கப் பழகினாள். வார்த்தையாகச் சொல்லாமல், கையால் மெஷினைத் தொட்டுத் தலையை மட்டும் ஆட்டுவாள். வந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் டியூஷன் டீச்சர் கடைக்கு வந்தார். வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவர். அக்காவிடம் லேப்டாப் வாங்கி வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. எட்டு ஜிபி மெமரி. “உங்க வேலைக்கு இது தாராளமா போதும்” என்று அக்கா வாய்விட்டே சொல்லி விற்றது. மேனேஜர் வருவதற்கு முந்தைய காலம் அது.

“அக்கா, அப்டேட்னு ஒண்ணு வந்துச்சு. அதுலேர்ந்து மெஷின் செத்துப் போச்சு. நான் ஒரு கணக்கைப் போட்டு முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க ஸ்கிரீன்ல நான் சிலையா நிக்கறேனாம். ரெண்டு பேர் வேற டீச்சர்கிட்ட போயிட்டாங்க.”

அக்கா திறந்து பார்த்தாள். யாரும் கேட்காமலேயே ‘ஏஐ உதவியாளர்’ என்று ஏதோ ஒன்று உள்ளே வந்து குடியேறியிருந்தது. டீச்சர் என்ன டைப் செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே ஊகிப்பதற்காக அது பாதி மெமரியைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. நிறுத்தினால் மறுபடி எழுந்து வந்தது. மெமரியைக் கூட்டலாம் என்றால், போர்டோடு பற்றவைத்த மாடல். கம்பெனிக்குப் போன் போட்டாள். “இதுக்குப் பரிந்துரை பதினாறு ஜிபி மேடம்” என்றார்கள். வாங்கும்போது அந்தப் பரிந்துரை எங்கே போயிருந்தது என்று கேட்டாள். புகாருக்கு நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

டீச்சருக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் போய் நின்றாள். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “வாரண்டி ரிப்பேருக்குத்தான். ஸ்லோவுக்கு இல்ல” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். “நான் பொய் சொல்லலடா. நான் சொன்னதைப் பொய்யாக்கிட்டாங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு மெஷின் தானாகத் தேய்ந்து போனால் பரவாயில்லை. விற்றுக் காசை வாங்கிக்கொண்டு, அப்புறம் வாங்கியவர் வீட்டுக்குள்ளேயே வந்து அதை நொண்டியாக்கிவிட்டுப் போவது எந்த ஊர் வியாபாரம்?

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கடையிலிருந்து எங்கள் பிரிண்டிங் கடைக்கு ஒரு ஃபைல் வந்தது. எக்ஸ்சேஞ்ச் மேளாவுக்கான பேனர். திறந்தேன். திரை முழுக்க என் அக்கா. கடையின் ஆண்டு விழாவில் எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்து, முகத்தை வெளுப்பாக்கி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்:

‘போதும் அக்காவே சொல்லிட்டாங்க... இனி போதாது! உங்கள் பழைய லேப்டாப்பைக் கொண்டுவாங்க!’

எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று அவள் வாயை அடைத்தார்களோ, அதே வார்த்தையை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் மாட்டி விற்கப் பார்க்கிறார்கள். அவளுக்குப் போன் போட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தாள். தன் முகத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் எப்படா இதைச் சொன்னேன்?”

“நான் இதை அடிக்க மாட்டேன்க்கா. வேணும்னா ‘போதாது’ங்கறதை ‘போதும்’னு மாத்தி அடிச்சிடறேன். மாட்டினதுக்கு அப்புறம் பார்த்துக்கட்டும்.”

“உன் முதலாளி உன்னைத் தூக்கிடுவார். நீ உன் வேலையைப் பாரு. வார்த்தை என்னுது, நான் பார்த்துக்கறேன்.”

நேரே மேனேஜரிடம் போனாள். அங்கே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். மேனேஜர் கோபப்படவே இல்லையாம். நாற்காலி போட்டு உட்கார வைத்து, சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொன்னாராம். அக்கா மசியவில்லை என்றதும் சிரித்துக்கொண்டே கேட்டாராம்: “அந்த டீச்சருக்கு நீங்க போதும்னு சொன்னீங்க. போதலைதானே? அப்போ நாங்க உண்மையைத்தானே போட்டிருக்கோம்? மேளாவுல நீங்க பேனருக்குக் கீழ நின்னா போதும். முடியாதுன்னா, உங்க இஷ்டம்.”

‘நின்னா போதும்’ என்று அவரே சொன்னார் பாருங்கள், அவர் உத்தரவு அவருக்கு மட்டும் கிடையாது போலிருக்கிறது.

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. வேன் வாசலில் நின்றது. மாமா, “உனக்கு எது சரின்னு படுதோ அதைப் பண்ணு” என்றார். ஆனால் சொல்லிவிட்டு வேனைத் துடைக்கப் போய்விட்டார், ஏற்கனவே துடைத்த வேனை. அக்கா இதைப் பார்த்தாள். மேளா நாளன்று சீருடையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

பேனரை ஒரு எழுத்தும் மாற்றாமல் நானேதான் அடித்தேன். மாட்டுகிற வேலையும் எங்கள் கடைக்குத்தான். நான் ஏணி மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழே மேஜை, அதன் மேல் மைக். அக்கா கையைக் கட்டிக்கொண்டு தன் முகத்துக்குக் கீழேயே நின்றாள். மேனேஜர் மைக்கைக் கையில் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார். கூட்டமும் சேர்ந்தது, பழைய லேப்டாப்புகளைப் பையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷின்கள். அந்த மளிகைக் கடைக்காரரும் அவருடையதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் டியூஷன் டீச்சர் வந்தார். பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தார். அக்காவின் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல் கேட்டார்.

“அக்கா, நான் வாங்கினப்பவே உங்களுக்கு இது தெரியுமா?”

அந்தக் கேள்வியில் ஏச்சு இல்லை, அதுதான் அவளைச் சுட்டிருக்க வேண்டும். அக்கா மேனேஜர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவர் சந்தோஷமாகவே கொடுத்தார், ஏதோ விளம்பரம் செய்யப் போகிறாள் என்று.

“டீச்சர், சத்தியமா எனக்குத் தெரியாது. அன்னைக்கு உங்களுக்கு அது போதும். நல்லா ஓடிட்டு இருந்ததை அப்புறமா போதாம ஆக்கினாங்க. யாருன்னு கேட்டா, கம்பெனின்னு கை காட்டிட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, இந்தப் படத்துக்குக் கீழ நிக்கறேன். அதனால, நாங்கதான் ஆக்கினோம்.” கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “இங்க நிக்கறவங்க எல்லாரும் வீட்டுக்குப் போய், உங்க வேலைக்கு உங்க மெஷின் போதுமான்னு நீங்களே பார்த்துக்குங்க. பேனரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. நான் சொன்னதா போட்டிருக்கறதை நான் சொல்லல. அப்புறம், இப்ப சொன்னேனே ‘நாங்க’ன்னு, இனிமே அந்த ‘நாங்க’ல நான் இல்ல.”

கழுத்து அட்டையைக் கழற்றி மைக்கோடு சேர்த்து மேஜையில் வைத்தாள். “அக்கா, சீன் போடாதீங்க” என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது, மைக் அணையாததால், தெரு முழுக்கக் கேட்டது. மளிகைக் கடைக்காரர் தன் லேப்டாப்பைப் பைக்குள் திரும்ப வைத்தார். எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் வரிசையிலேயே நின்றார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஏணியிலிருந்து குதித்திருப்பேன்.

நான் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுக் கீழே இறங்கியபோது அக்கா எதிரே பஸ் நிறுத்தத்தில் டீச்சரோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் லேப்டாப் அவள் மடியில் திறந்திருந்தது. நான் ஓடிப்போய், இனி வீட்டுக்கு என்ன செய்வது, மாமாவிடம் என்ன சொல்வது என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

“டீச்சர், இதை முழுசா சரி பண்ண முடியும்னு நான் சொல்லல. எதை எடுத்துட்டா எவ்ளோ ஓடுதுன்னு பார்ப்போம்” என்றாள். “இதுல என்ன வேலை பண்றீங்க? முதல்ல இருந்து சொல்லுங்க.”

டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். பஸ் வந்து நின்று போனது, மூன்று பேருமே ஏறவில்லை.