மாட்டு ரத்தம் என்று சொன்ன நாள்

1. நாற்காலி கிடைத்த நாள்

வார்டு வேலையிலிருந்து ஆய்வுப் பிரிவுக்கு மாற்றலாகிப் போன முதல் நாள், எனக்கென்று ஒரு மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள். அதுவரை வேலை நேரத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. வேறு யாருடைய இடத்திலோ வந்து குந்திவிட்ட மாதிரி இருந்தது.

பிரிவின் தலைவர் டாக்டர் ஹலிம். ரத்த நோய் நிபுணர். ஆங்கிலமும் மலாயும் கலந்து மெதுவாகப் பேசுவார்.

"சிஸ்டர் புஷ்பா, இனிமே உங்களுக்கு ஊசி வேலை கொஞ்சம்தான். பேச்சு வேலைதான் அதிகம்" என்றார்.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். முதியவர்களின் ரத்தசோகையைப் பற்றியது எங்கள் ஆய்வு. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு எவ்வளவு ரத்தம் ஏற்றினால் போதும், ஏற்றாமலே தேற்ற முடியுமா, வீட்டுக்குப் போன பிறகு பழையபடி நடக்கிறார்களா என்று தொடர்ந்து பார்ப்போம். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களை நானே வீடு தேடிப் போய்ப் பார்ப்பேன். மூவார், சிகாமட், நான் பிறந்த குளுவாங் என்று ஜொகூரில் நான் போகாத சாலை குறைவு. இன்றைக்கும் கண்ணை மூடினால் செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஓடுகின்றன.

மூவாரில் நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர் எங்கள் ஆய்வில் இருந்தார். ரத்தம் எடுக்க டியூப்பை எடுத்தாலே, "அலமாக், மிஸ்ஸி, ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கிட்டுப் போறே. எப்போதான் திருப்பிக் கொடுப்பே?" என்று மலாயில் கேட்பார். எங்கள் ஊரில் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். கேட்டுவிட்டுக் கையை நீட்டிவிடுவார். அவர் மனைவி எனக்கு, மீனை மசாலாவோடு அரைத்து இலையில் சுட்ட ஓத்தாக் ஓத்தாக் பொட்டலம் கட்டிக் கொடுக்காமல் விட்டதில்லை. அந்த வாசனை காருக்குள் இரண்டு நாள் இருக்கும்.

2. டாக்டரின் பைத்தியம்

டாக்டர் ஹலிமுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ரத்தத்துக்குப் பதிலாக ஏற்றக்கூடிய திரவம். உலகத்தில் எந்த மூலையில் அதைப் பற்றி எழுதினாலும் தேடிப் படிப்பார். மதியம் சாப்பிடும்போது எங்களுக்குப் பாடம் நடக்கும்.

"ரத்தத்துல ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போறது ஹீமோகுளோபின். அதை மட்டும் தனியா எடுத்துச் சுத்தம் பண்ணி ஏத்தினா? குரூப் பார்க்க வேண்டியதில்லை. மேட்ச் பண்ண வேண்டியதில்லை. ரத்த வங்கி இல்லாத கம்பத்துல, குக்கிராமத்துலகூட வச்சுக்கலாம்" என்பார், சோற்றைப் பிசைந்தபடியே.

"அப்புறம் ஏன் டாக்டர் எங்கேயும் கொடுக்க மாட்டேங்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் முகம் வாடியது. தனியாக ஓடும் ஹீமோகுளோபின் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும், பிரஷர் ஏறும், இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து என்று விளக்கினார். அதனால்தான் பல நாடுகளில் அனுமதி இல்லை. வேறு வழியே இல்லாத நோயாளிக்கு மட்டும் சிறப்பு அனுமதி வாங்கி வரவழைக்கலாம்.

"வேற வழியே இல்லாத நோயாளி நமக்கு வரவே கூடாது சிஸ்டர்" என்றார்.

வந்தார்.

3. பெக்கோக்கிலிருந்து வந்த அஞ்சலையம்மா

அஞ்சலையம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் போட்டு வயிற்றில் புண்ணாகி, ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். குழாய் விட்டுப் பார்த்து ரத்தப்போக்கை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் உடம்பில் இருந்த ரத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது.

ஏற்றலாம் என்று பார்த்தால் ரத்த வங்கி கையை விரித்தது. பிரசவத்தின்போதும் பிறகு ஓர் ஆபரேஷனிலும் அவருக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் பிறர் ரத்தத்தை எதிர்க்கும் புரதங்கள் அவர் உடம்பில் உருவாகிவிட்டன. எந்தப் பையோடு சோதித்தாலும் ஒத்துவரவில்லை. கோலாலம்பூரில் கேட்டார்கள், சிங்கப்பூரில் கேட்டார்கள். இல்லை.

நான் போனபோது அவர் ஆக்சிஜன் மாஸ்க் போட்டு அசையாமல் படுத்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. என் பெயர் அட்டையைப் பார்த்து, "தமிழ்ப் புள்ளையா?" என்றார்.

"ஆமாம்மா. குளுவாங்."

"மார்க்கெட்டுக்கு வருவோம், தீவாளிக்கு" என்றார். அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது.

அன்று மாலை டாக்டர் ஹலிம் என்னைக் கூப்பிட்டார். சிறப்பு அனுமதிக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். அஞ்சலையம்மாவின் சொந்த உடம்பு புது ரத்தம் ஊறவைக்கும்வரை தாக்குப்பிடிக்க அந்தத் திரவம் உதவலாம். உறுதியில்லை.

"ஒரு விஷயம் சிஸ்டர். அது மாட்டு ரத்தத்துலேருந்து எடுக்கிறது. அந்தம்மா இந்து. நீங்கதான் அவங்க பாஷையில சொல்லணும். முழுசா சொல்லணும்."

நான் தயங்கியதைப் பார்த்திருப்பார். "பன்றியிலேருந்து எடுத்ததை எனக்கு ஏத்தறதா இருந்தா, யாராவது முன்னாடியே என்கிட்ட சொல்லணும்னுதான் நான் எதிர்பார்ப்பேன்" என்றார்.

4. மகன்

மகன் சரவணன் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் போய்வருபவர். வேலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"சிஸ்டர், மாடு அது இதுன்னு அம்மாகிட்ட சொல்லாதீங்க. மருந்துன்னு மட்டும் சொல்லுங்க. நான் சைன் போடறேன்."

"உங்கம்மா நினைவோட இருக்காங்க தம்பி. அவங்கதான் சம்மதம் சொல்லணும்."

"எங்கம்மா மாட்டுக்கறி சமைச்ச சட்டி இருக்கிற வீட்டுல தண்ணிகூட குடிக்க மாட்டாங்க. தெரியுமா உங்களுக்கு? வேணாம்னுட்டாங்கன்னா? செத்துப் போனாங்கன்னா, நீங்கதான் காரணம் லா, சிஸ்டர்."

சத்தமாகப் பேசவில்லை. அதனால்தான் அது இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கும் அதே பயம்தான். அவர் சொன்னபடி செய்தால் எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன். "மருந்து" என்பது பொய்யும் இல்லை. ஆனால் பிழைத்து எழுந்த பிறகு ஒருநாள் யார் மூலமாவது தெரிந்துகொண்டு அந்தம்மா தன் கையையே தடவிப் பார்ப்பாரே, அதை என்னால் நினைக்க முடியவில்லை.

"நான் சொல்லத்தான் போறேன் தம்பி. நீங்களும் பக்கத்துல இருங்க" என்றேன். அவர் திரும்பி நடந்துவிட்டார்.

5. வெள்ளச்சி

மறுநாள் காலையில் நாற்காலியை அஞ்சலையம்மாவின் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காரில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"அம்மா, உங்களுக்கு ஒத்துவர்ற ரத்தம் எங்கேயும் கிடைக்கல. வேற ஒண்ணு இருக்கு. ரத்தம் செய்யிற வேலைய அது கொஞ்ச நாளைக்குச் செய்யும். மாட்டு ரத்தத்துலேருந்து எடுக்கிறாங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிரஷர் ஏறலாம், இதயத்துக்கு ஆபத்து வரலாம், ஏற்றினாலும் பிழைப்பார் என்று உறுதி சொல்ல முடியாது என்று மீதியையும் சொன்னேன்.

"இதுக்குன்னே மாட்டைக் கொல்றாங்களா?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"தெரியலம்மா. கேட்டுட்டு வந்து சொல்றேன்."

டாக்டருக்கும் தெரியவில்லை. தயாரிப்பவர்களுக்கு எழுதிக் கேட்டார். கறிக்காக அறுக்கிற மாடுகளிடமிருந்து எடுப்பது என்று பதில் வர மதியமாகிவிட்டது. அப்படியே போய்ச் சொன்னேன்.

"எப்படியும் கொன்னதுதான்" என்றார்.

"ஆமாம்மா."

அந்த நேரத்தில் சரவணன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். லீவு போட்டிருந்தார். அஞ்சலையம்மா மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கச் சொன்னார். விட்டு விட்டுத்தான் பேசினார்.

"தோட்டத்துல எங்கிட்ட ஒரு மாடு இருந்துச்சு மிஸ்ஸி. வெள்ளச்சி. ஒருதடவ கன்னு செத்துப் போச்சு. பால் விட மாட்டேன்னுடுச்சு. இவன் அப்போ கைப்புள்ள. என் வீட்டுக்காரரு கன்னுத் தோலுக்குள்ள காஞ்ச லாலான் புல்ல அடைச்சி, தச்சுக் குடுத்தாரு. அதைக் கொண்டு போய் முன்னால வச்சேன். நக்குச்சு. நக்கிக்கிட்டே பால் விட்டுச்சு."

மூச்சு வாங்கக் காத்திருந்தோம்.

"அதுக்குத் தெரியாதுன்னுதான் அப்போ நெனச்சேன். ஆனா அது என்னைத் திரும்பிப் பாக்கும். அந்தப் பார்வை இப்பவும் இருக்கு. அதுக்குத் தெரிஞ்சிருக்கும்." பிறகு மகனைப் பார்த்தார். "என்கிட்ட சொல்ல வேணாம்னு நீ மிஸ்ஸிகிட்ட சொன்னியா?"

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சரவணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மூஞ்சியிலயே தெரியுதுடா."

"பயமா இருந்துச்சும்மா."

"எனக்கு மட்டும் இல்லையா? ரெண்டு பேரும் சேந்து பயப்பட்டிருக்கலாம்ல."

அவர் தாயின் காலடியில் உட்கார்ந்து அழுதார். நான் திரையை இழுத்துவிட்டு வெளியே வரப் பார்த்தேன். அஞ்சலையம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"போடு மிஸ்ஸி. அதுகிட்டப் பால் வாங்கினேன். இதையும் வாங்கிக்கிறேன். போடறப்ப மட்டும் சொல்லிட்டுப் போடு."

6. மங்குஸ்தான் தோல் நிறம்

அனுமதியும் மருந்தும் வந்து சேர்வதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரும்புச் சத்து டிரிப், ரத்தம் ஊறவைக்கும் ஊசி, முழு ஓய்வு. சோதனைக்கு எடுக்கும் ரத்தத்தைக்கூடக் குழந்தைகளுக்கான சின்ன டியூப்பில்தான் எடுத்தோம். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

பை வந்தது. மங்குஸ்தான் தோலைப் பிழிந்த மாதிரி நிறம். தொங்கவிட்டுவிட்டு, "அம்மா, போடப் போறேன்" என்றேன். அவர் படுத்தபடியே பையைப் பார்த்துக் கைகூப்பினார். சரவணன் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார். டாக்டர் ஹலிம் ஒதுங்கி நின்று காத்திருந்தார்.

பயந்தபடியே பிரஷர் ஏறியது. டாக்டர் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணும் தோலும் மஞ்சளாயின. "கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டே மிஸ்ஸி" என்று அஞ்சலையம்மா சிரித்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. உதட்டில் மெல்ல நிறம் ஏறியது. அடுத்தடுத்த நாட்களில் அவருடைய சொந்த ரத்தமும் ஊறத் தொடங்கியது. நடந்தே வீட்டுக்குப் போனார்.

நாங்கள் எல்லாரும் குதித்தோம். டாக்டர் மட்டும் அடக்கினார். "அதுதான் காப்பாத்துச்சுன்னு சொல்லிடாதீங்க. ஒரு நோயாளியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இரும்பு, ஊசி, ஓய்வு, அந்தம்மாவோட உடம்பு எல்லாத்துக்கும் பங்கு இருக்கு." இப்போதும் அவர் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

7. பிறகு

ஓய்வு பெறும்வரை புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொன்னது இதுதான். முதியவரிடம் முதலில் பேசுங்கள், பிள்ளைகளிடம் பிறகு பேசுங்கள். தாங்க மாட்டார்கள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். கேள்வி கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு விசாரித்து வாருங்கள்.

அந்தப் பிரிவையும் அந்தச் சாலைகளையும் நினைக்காத நாளில்லை. போன வருடம் சரவணன் போன் செய்தார். அம்மா தவறிப்போய்ப் பதினாறும் முடிந்துவிட்டது என்றார். ஈரலில் கட்டி. வைத்தியம் செய்ய முடியாத நிலைமையில்தான் கண்டுபிடித்தார்களாம்.

"டாக்டர் என்னைத்தான் தனியா கூப்பிட்டுச் சொன்னாரு சிஸ்டர். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, பக்கத்துல உக்காந்து நானே அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் என் கையைப் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம், சரி, கோப்பி கலக்குடா, ரெண்டு பேரும் குடிப்போம்னாங்க."