அவள் நாக்கில் குறையில்லை

என் தங்கைக்கு ஒன்பது வயதானபோது அவள் நாக்கில் வசம்பைத் தேய்த்தோம். நாக்குத் தடிப்பு நீங்கினால் படிப்பு வரும் என்று சொன்னவர் வாத்தியார், ஒப்புக்கொண்டவர் அப்பா, வசம்பைச் சுட்டு உரைத்தவர் அம்மா, அவள் கைகளை இறுக்கிப் பிடித்தவள் நான். அவள் நாக்கில் எந்தக் குறையும் இல்லை என்பது நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாட்டையும் கதையையும் அவளைப்போலப் பிசகின்றிச் சொல்லக்கூடிய குழந்தை எங்கள் தெருவிலேயே கிடையாது.

அவள் படித்தது மலாய்க்காரர்களின் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தமிழ்ப் பள்ளி. எனக்கும் அங்கேதான் தொடக்கம். வாத்தியார் ஒரு வரி சொல்வார். நாற்பது பிள்ளைகள் அதைத் திருப்பிக் கூவுவார்கள். மாலைக்குள் பாடம் மனப்பாடமாகிவிடும். மறுநாள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதையே ஒப்பித்தால், அதற்குப் பெயர் வாசிப்பு. என் தங்கைக்கு ஒருமுறை கேட்டால் போதும். மூன்று ஆண்டுகள் வகுப்பில் அவளே முதல் பிள்ளை.

வீட்டில் நான் கண்டது வேறு. ஒரே சொல்லைச் சிலேட்டில் மூன்று முறை மூன்று விதமாக எழுதுவாள். கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுவாள். சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவாள். பார்த்து எழுதச் சொன்னால் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவாள். சிலேட்டை எடுத்தாலே வயிறு வலிக்கும் என்பாள். அது பாசாங்கு அல்ல; உள்ளங்கைகள் வேர்த்திருக்கும். ஒரு மாலை என்னைக் கேட்டாள்.

“அக்கா, ஒனக்கு எழுத்தெல்லாம் ஒரே எடத்துல நிக்குதா?”

“பின்ன, எந்திரிச்சு மீன் வாங்கப் பாசாருக்கா போகும்? ஒழுங்கா எழுது லா.”

அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

விசயதசமியன்று பெற்றோர் முன்னிலையில் முதல் பிள்ளை பாடம் வாசிப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அந்த ஆண்டு அவள் வாசித்தாள். கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் உருகிப்போனார்.

“சபாஷ் ஆத்தா! அடுத்த பாடத்தையும் வாசி, கேப்போம்.”

அடுத்த பாடத்தை வாத்தியார் இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு விரலை வரிமேல் ஓட்டியபடி, போன மாதத்துப் பாடத்தைக் கணீரென்று சொல்லத் தொடங்கினாள். விரலடியில் யானைப் படம்; வாயில் மழையைப் பற்றிய பாடம். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது.

“திருட்டுப் புள்ள! மூணு வருசமா என் கண்ணுல மண்ணத் தூவியிருக்கு,” என்றார் வாத்தியார். அவரை ஏமாற்றியது அவருடைய முறை. வெயிலில் முழங்காலிட்டது ஒன்பது வயதுக் குழந்தை.

இன்று நான் இலக்கியம் பயில்கிறேன். பழைய சுவடியைப் பெயர்த்தெழுதியவர் ஒரு வரியை விட்டிருப்பார். ஓர் எழுத்தை மாற்றியிருப்பார். ஏன் அப்படி நேர்ந்தது, கண் எங்கே தாவியது என்று பல நாள் ஆராய்கிறோம். அவரை ஒருவரும் திருடர் என்பதில்லை. இறந்துபோன ஏடு எழுதியவருக்கு இவ்வளவு பொறுமை காட்டத் தெரிந்த நாம், உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் சிலேட்டை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

விசயதசமிக்குப் பிறகுதான் வாத்தியார் சொன்ன வசம்பு; பத்து நாள் நடந்தது. பலனில்லை. பள்ளியை விட்டு நிறுத்திவிடலாம் என்று அப்பா பேச ஆரம்பித்தார். எனக்கு அப்போது பதினைந்து வயது. அவளுடைய பிழைகளை ஒரு வாரம் திரட்டி, வகை பிரித்து, கண்ணால் பார்த்தால் வராதது காதால் கேட்டால் வருகிறது என்ற குறிப்போடு ஒரு தாளில் எழுதி வாத்தியாரிடம் எடுத்துப் போனேன்.

“இது சோம்பல் இல்லிங்கய்யா. சோம்பேறிப் புள்ள ஒரு பக்கத்துக்கு ரெண்டு மணி நேரம் அழுதுகிட்டு உக்காந்திருக்காது. காதால கேட்டா எல்லாம் வருது. கண்ணால பாத்தாத்தான் வரல. கேள்விய வாயால கேளுங்க, அவ வாயால சொல்லட்டும்.”

அவர் தாளை மடித்து விசிறிக்கொண்டார். “வீட்டுக்கு ஒரு பண்டிதை போதாதாம்மா? அவளுக்குச் சமையல் வரும் லா.”

அத்துடன் விடவில்லை. தாளை அப்பாவிடமே சேர்த்துவிட்டார். அப்பா அதை இரண்டு முறை கவனமாகப் படித்தார்.

“நீயே எழுதியிருக்க, கண்ணால பாத்தா அவளுக்கு வராதுன்னு. அப்புறம் பள்ளிக்கூடம் எதுக்கு?”

அவளுக்காக நான் சேர்த்த சான்று அவளுக்கு எதிரான தீர்ப்பாயிற்று. பதில் சொல்ல வேண்டிய அந்த நேரத்தில், அடக்கமான பெண் என்று எல்லோரும் மெச்சிய நான் தலைகுனிந்து நின்றேன். அந்த அடக்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, சிலேட்டோடு வாசலில் நின்றாள். “உள்ள போ,” என்றார் அப்பா. அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“நீ என்னத்தக்கா எழுதிக் குடுத்த?”

நேரமாகிவிட்டது என்று சொன்னேன். என் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நான் மட்டும் பள்ளிக்குப் போனேன்.