தரையைத் தொட்ட இறக்கை

பெரியப்பா, நீங்கள் சொல்வது பொய். பம்மல் ஆடித் திருவிழாவில் நின்ற அந்த விமானம் உங்கள் யோசனை இல்லை. அத்தையுடையது.

எண்பதுகளில் ஒரு வருஷம், நீங்கள் திருவிழாவில் போட்டோ கடை போட்டீர்கள். ஜனங்கள் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஒரு பலகை விமானம் வேண்டும். வரைய வேண்டிய பெயின்டர் வரவில்லை. உங்கள் தங்கை பிரஷ்ஷை எடுத்தாள். பலகை வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். அதற்கு நன்றி, மறக்கவில்லை.

விமான நிலையம் பக்கம் என்பதால் எங்கள் தலைக்கு மேல் நாள் முழுக்க விமானம் போகும். அத்தை அதில் ஒன்றைக்கூட வரையவில்லை. சோழர்கள் கப்பலோடு நிற்காமல் விமானமும் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாள். மூக்கில் புலி முகம், முதுகில் பாய்மரம், வயிற்றில் யானை நுழைகிற கதவு. எல்லாவற்றையும்விட விசித்திரம் ஒரு பக்கத்து இறக்கை. சரிந்து இறங்கித் தரையைத் தொட்டது. அவள் போட்ட கோட்டின்படி தச்சர் அதைக் கனத்த பலகையில் செய்து, உள்ளே இருந்த பெஞ்சோடு சேர்த்தார்.

விமான நிலையத்தில் வேலை பார்த்த உங்களுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னாம்மா இது, றெக்கை தரையில இடிக்குது? எப்படிப் பறக்கும்?”

“பறக்கறது அப்புறம்ணா. முதல்ல ஏறணுமே.”

நானும் உங்கள் கட்சிதான். அப்போது எனக்கு எட்டு வயசு. இறக்கை நேராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அத்தைக்குப் போலியோவில் ஒரு கால் சூம்பியிருந்ததும் தெரியும். சமதரையில் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பாள். படி வந்தால் யாராவது தூக்க வேண்டும். பல்லாவரம் பஸ்ஸில் நீங்கள்தான் தூக்கி ஏற்றுவீர்கள். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த இறக்கையையும் அவள் காலையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

திருவிழா அன்று காலை இறக்கையை அறுத்துவிட ரம்பத்தோடு வந்தீர்கள். அத்தை இறக்கைமேல் கை வைத்தபடி நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு நிறைமாதக்காரி வந்தாள். யாரையும் கேட்காமல் இறக்கைமேல் நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்து உங்களைப் பார்த்துச் சொன்னாள்.

“ரம்பத்தை ஓரமா வெச்சிட்டு போட்டோ எடுண்ணா. கால் கடுக்குது.”

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. முட்டி வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரிகள். ரம்பம் துணிக்கு அடியில் போனது. யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று கூவ ஆரம்பித்தீர்கள், என்னமோ நீங்களே வரைந்த மாதிரி. இன்றுவரை அந்தக் கூவல் நிற்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் அத்தை வந்தாள். பழக்கத்தில் தூக்கப் போனீர்கள். வேண்டாம் என்று கை காட்டினாள். மெதுவாக, தனியாக ஏறி, புலி முகத்துக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விமானம் பறக்காது என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் நிஜமாகவே பறக்கிறதாகச் செய்யலாம் என்று ஆறுதல் சொன்னேன். அவள் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்றும் விளங்கவில்லை.

அத்தை இப்போது இல்லை. இல்லாத ஒன்றை மனசில் கட்டிப் பார்க்க எனக்குக் கற்றுத் தந்தது அவளுடைய விமானம். அந்த நன்றியில்தான் இவ்வளவு கோபம்.

உங்கள் பேத்தி கல்யாணத்தில் மைக் பிடித்து அந்தக் கதையைச் சொல்லப் போகிறீர்களாம். சொல்லுங்கள். அது உங்கள் யோசனை என்றால், அந்த இறக்கை ஏன் தரையைத் தொட்டது? சொந்தபந்தம் எல்லோருக்கும் முன்னால், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்.