உப்பு ஆபீஸ் காகிதம்

ஞானபாய் அக்காளுக்கு அய்யாக்குட்டி முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. இரண்டு வருஷமாக அந்த அம்மாள் அதைப் பற்றி வாய் திறந்ததும் கிடையாது. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளித்திருப்பார். கேட்காமல் இருந்ததுதான் அவரை உறுத்தியது.

அய்யாக்குட்டி லேசுப்பட்ட ஆள் இல்லை. உப்பளத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வீசிவிட்டு, லாரி செட்டில் கிரீஸ் துடைத்துத் துடைத்தே தொழிலைக் கண்ணால் திருடிக்கொண்டவர். எழுபத்து நாலாம் வருஷத்துத் தூத்துக்குடியில் பழைய ஆஸ்டின் வண்டியைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகள் மூன்றே மூன்று, அதில் இரண்டு தன்னுடையவை என்று சொல்லுவார். மூன்றாவது யாருடையது என்று கேட்டால், ஊருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று ஒன்றை விட்டுவைத்திருப்பதாகச் சொல்லுவார்.

அந்தக் கைகளுக்குச் சொந்தமாக ஒரு பட்டறை அமைந்ததே ஞானபாயால்தான். ஞானபாய் நாசரேத்துக்காரர். சின்ன வயதில் அச்சகம் ஒன்றில் பைண்டிங் பழகியவர். புருஷன் இறந்த பிறகு கிரேட் காட்டன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஓர் அறை பிடித்து, உப்பு வியாபாரிகளுக்கும் கப்பல் ஏஜெண்டுகளுக்கும் பேரேடு தைத்துக் கொடுத்துப் பிழைத்தார். புத்தகத்தை அழுத்தி வைக்கும் அவருடைய இரும்புப் பிரஸ்ஸின் திருகு மரை ஒரு நாள் தேய்ந்துபோயிற்று. அதைச் சரிசெய்ய வந்தவர்தான் அய்யாக்குட்டி. வாய் நீளம் என்று லாரி செட்டு முதலாளி அவரை வெளியே அனுப்பியிருந்த வாரம் அது. வேலை செய்துகொண்டே தன் கதையைச் சொன்னார். முதலாளியின் தவறுகளை வரிசைப்படுத்திச் சொன்னார். ஞானபாய் பசை தடவிக்கொண்டே கேட்டார். மரை சரியானதும் எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். காகிதம் வெட்டும் மெஷின் வாங்குவதற்காகச் சேர்த்த பணம் அதில் இருந்தது.

"மெஷினு எங்கயும் ஓடிப் போயிராது. நீ முதல்ல வைஸும் ஸ்பேனரும் வாங்கு" என்று முந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

பேச்சுக்குப் பஞ்சமில்லாத அய்யாக்குட்டி அன்றைக்கு நன்றி என்றுகூடச் சொல்லாமல், பணத்தை எண்ணாமலே வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அந்த மெஷினே வந்து நின்றது. ஓர் அச்சகம் மூடப்போகிறது, வெட்டும் மெஷின் விலைக்கு வருகிறது, சனிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஞானபாய் சொல்லி வைத்திருக்கிறார், ஆனால் கையில் பணம் குறைகிறது. இது அத்தனையும் அய்யாக்குட்டிக்கு டீக்கடையில்தான் தெரிந்தது. அந்த அம்மாள் அவரிடம் மூச்சுவிடவில்லை.

பணம் வருவதற்கு ஒரே வழி, பட்டறையில் நின்ற ஆஸ்டின். முப்பத்தாறாம் வருஷத்து வண்டி. காயல்பட்டினத்து வியாபாரி செய்கு அப்துல் காதிருடையது. அவருடைய வாப்பா ஓட்டியது. பன்னிரண்டு வருஷம் சரக்குக் கிட்டங்கியில் கிடந்து, எலி குடியிருந்து, இப்போது அய்யாக்குட்டியின் கையால் எழுந்து நின்றது. கூலி எழுநூறு ரூபாய் என்று பேச்சு. முன்பணம் சாமான் வாங்கவே சரியாகப் போயிற்று. மீதி வண்டியைக் கொடுக்கும்போது. காதிர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். தம் வீட்டு முற்றத்தில் வெள்ளைக் கல் பாவியிருக்கிறது, அதில் ஒரு சொட்டு ஒழுகக் கூடாது.

என்ஜின் பாட்டுப்போல ஓடியது. ஆனால் ஒழுகியது. முன்பக்கம் டைமிங் கவரில் எண்ணெய், வாட்டர் பம்பில் தண்ணீர். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கிற காகிதப் பேக்கிங் நிற்கவில்லை. பழைய வண்டிக்கு ரெடிமேட் பேக்கிங் எங்கே கிடைக்கும்? அவரே வெட்டினார். மூன்று முறை வெட்டி, சந்து அடைபட மூன்று முறை அரக்கு தடவிப் பூட்டினார். ஒரு நாள் நிற்கும், மறுநாள் சாயங்காலம் ஓரமெல்லாம் கசியும். கழற்றிப் பார்த்தால் அரக்கு காயாமல் பிசுபிசு என்று இருக்கும். அரக்கு விற்ற கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று போய்ச் சண்டை போட்டார். அதே டப்பாவில் அரக்கு வாங்கிய தச்சர், தாம் பூசிய பீரோ கண்ணாடிபோலப் பளபளக்கிறது என்று அங்கேயே சாட்சி சொன்னார். அய்யாக்குட்டி டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

மூன்றாவது ஒழுகலைப் பார்த்த காதிர் சத்தம் போடவில்லை.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வருவேன். அப்பமும் ஒழுகிச்சின்னா, கயித்தைக் கட்டித் திருநெல்வேலிக்கு இழுத்துட்டுப் போயிருதேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அய்யாக்குட்டி ஞானபாயின் அறைக்குப் போனார். பணம் தர முடியாது என்று தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லுவதற்கு முன்னால் தன் திறமையையும், அரக்கின் அநியாயத்தையும், இரும்பைக் கண்ணாடிமேல் வைத்துத் தேய்த்து மட்டம் பார்த்த விதத்தையும் அரை மணி நேரம் சொன்னார். சாட்சிக்குச் சட்டைப்பையிலிருந்து கழற்றிய பேக்கிங்கை எடுத்து மேஜையில் போட்டார்.

ஞானபாய் அதை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்தைக் கிழித்தார். பிறகு எண்ணெய் படாத ஒரு மூலையை நாக்கு நுனியில் வைத்தார்.

"ஏலே அய்யாக்குட்டி, இந்தக் காகிதம் எங்கன வாங்குன?"

உப்புக் கம்பெனி ஒன்று பழைய ஆபீஸைக் காலி செய்தபோது எடைக்குப் போட்ட கட்டு, தாள் தாளாக என்ன கனம், வெறும் ஆறு ரூபாய்க்குப் பேரம் பேசி எடுத்தேன் என்று அய்யாக்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"நக்கிப் பாரு."

நக்கினார். ஒன்றும் தெரியவில்லை என்றார்.

"உனக்கு எப்படித் தெரியும்? உப்பளத்துலயே பிறந்த நாக்கு. பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டு வந்து மறுபடி நக்கு."

மூலையில் இருந்த மண்பானையில் மொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நக்கினார். கரித்தது. வருஷக்கணக்காக உப்பு மூட்டைகளுக்கு நடுவே அடுக்கிக் கிடந்த காகிதம். பார்வைக்குக் காய்ந்திருக்கும், சாயங்காலம் கடல்காற்று திரும்பியதும் ஈரத்தை இழுத்து வேர்த்துவிடும் என்று ஞானபாய் விளக்கினார். உப்பு ஆபீஸிலிருந்து வருகிற பேரேடுகளில் பசை ஒருநாளும் காய்வதில்லையாம். அதனால் பழைய பேரேடு எது வந்தாலும் முதலில் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கூலி பேசுவாராம்.

அய்யாக்குட்டிக்குக் காது மடல் சுட்டது. ஊரில் உப்பைப் பற்றி யார் பேசினாலும் குறுக்கே விழுந்து திருத்துகிற ஆள் அவர்.

ஞானபாய் சிரிக்கவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து, வேப்பிலை போட்டு வைத்திருந்த காகிதங்களை எடுத்தார். பளபளப்பாக இருந்ததைத் தள்ளி வைத்தார். அதன் பூச்சு எண்ணெயும் குடிக்காது, அரக்கும் குடிக்காது. கந்தல் துணியில் செய்த கனமான பேரேட்டுத் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, கனம் ஒரே சீராக இருக்கிறதா, ஊசிக்கண் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து நான்கு தாள் பொறுக்கினார். அது டைமிங் கவருக்கு. வாட்டர் பம்புக்கு அதில் பாதிக் கனத்தில் இரண்டு தாள். எண்ணெய் பம்பு மூடிக்கு மட்டும் கனம் கூடினால் எண்ணெய் ஏறாது என்று அய்யாக்குட்டி சொன்னதும், கப்பல் ரசீதின் மெல்லிய நகல் தாள் ஒன்றை உருவிக் கொடுத்தார். கடைசியில் அய்யாக்குட்டி வந்த காரியத்தைத் தொடங்கினார்.

"அக்கா, சனிக்கிழமை பணம்…"

"காகிதம் ஈரக்கையில படாமக் கொண்டு போ" என்றார் ஞானபாய்.

புதன்கிழமை காலை அய்யாக்குட்டி தன் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். பட்டறையில் அப்படி ஒரு காட்சி அதுவரை நடந்ததில்லை. இரும்பிலும் உப்பு ஏறியிருக்கும் என்று நல்ல தண்ணீரால் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்தார். தாளைக் கவரின்மேல் விரித்துப் பிடித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரம் பிடித்துத் தட்டிக்கொண்டே போனார். இரும்பின் விளிம்பே கத்தியாகிக் காகிதத்தை வெட்டிக் கொடுத்தது. போல்ட் ஓட்டைகளுக்கு ஒரு பேரிங் குண்டை வைத்து ஒரே தட்டு. அரக்கை ஒரு பக்கம் மட்டும் தடவினார். மறுபக்கம் கிரீஸை லேசாகப் பூசினார். பின்னொரு நாள் கழற்றும்போது கிழியாமல் வரவேண்டுமே. அரக்கு விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வரும்வரை காத்திருந்து, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். வியாழக்கிழமை திருச்செந்தூர் ரோட்டில் பதினைந்து மைல் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை காதிரின் ஆள் வந்து, சலவை வேட்டி ஒன்றை என்ஜினுக்கு அடியில் விரித்துவிட்டுப் போனான். அய்யாக்குட்டி சாப்பிடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தார். ஜும்மா முடிந்து காதிர் வந்தார். இருவரும் சேர்ந்து வேட்டியை உருவினார்கள். எண்ணெய்க் கறை எங்கும் இல்லை. ஆனால் நடுவில் ஓர் ஈரப் பொட்டு இருந்தது.

"தண்ணி ஒழுகுதே" என்றார் காதிர், மெதுவாக.

 அய்யாக்குட்டிக்குச் சனிக்கிழமை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. பிறகு என்ன தோன்றியதோ, பச்சைத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அந்தப் பொட்டை விரலால் ஒற்றி நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்தது.

"உப்பு, முதலாளி. ரேடியேட்டர்ல நல்ல தண்ணிதான ஊத்தியிருக்கேன். இது என் நெத்தி வேர்வை. காலையிலயிருந்து குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன்லா, அப்பம் சொட்டியிருக்கு."

காதிர் அவர் நெற்றியைப் பார்த்தார். அப்போதும் அது சொட்டிக்கொண்டுதான் இருந்தது. சிரித்துவிட்டார். வண்டிக்கு அடியில் தாமே விரலை விட்டு, கவர் ஓரம், பம்பு ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே வந்தது.

"வாப்பா இருந்தா உங்களைக் கட்டிப் பிடிச்சிருப்பாக" என்று சொல்லிப் பணத்தை எடுத்தார்.

மூன்று மணிக்கு அய்யாக்குட்டி சந்துக்குள் நுழைந்தார். அந்த ஆஸ்டினுக்குப் பிறகு அவர் எத்தனையோ வண்டிகளை எழுப்பினார், இரண்டாவது பட்டறையும் போட்டார். எல்லாம் தன் கைத்திறமை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், காகிதம் பொறுக்குவது மட்டும் ஞானபாய் அக்கா போட்ட பிச்சை என்று கூடவே சொல்லுவார். அன்றைக்கு அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். 

"ஒழுகலையாலே?" என்று கேட்டார் ஞானபாய்.

"ஒழுகல. கையை நீட்டுங்க அக்கா."

"பசைக் கைடே."

"இருக்கட்டும், நீட்டுங்க."

ஞானபாய் பிரஷ்ஷை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்து விரித்தார். அய்யாக்குட்டி ஒவ்வொரு பத்து ரூபாய் நோட்டாக, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி, முப்பதாவது நோட்டையும் அந்தப் பசை காயாத உள்ளங்கையில் வைத்தார்.