உளுந்தூர்பேட்டை ராணி பலி

மகள் தனுஷாவைச் சதுரங்கப் போட்டிக்காகக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்து வந்த கோகிலவாணி, மண்டப வாசலில் கட்டியிருந்த பேனரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

'நம் மாவட்டத்தின் அழியாத ஆட்டம்! 2003, உளுந்தூர்பேட்டை. ராணியைப் பலி கொடுத்து வக்கீல் தமிழரசன் வென்ற ஆட்டம். எதிராடியவர்: ஒரு பெண்.'

அந்த ஒரு பெண் இவள்தான்.

இன்று எலவனாசூர்கோட்டையில் மாவு மில் நடத்துகிறாள். அன்று பத்தொன்பது வயது, கரும்பு வெட்டக் கூலிக்குப் போகும் குடும்பம். ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தாள். எதிரே நிலக்காரர் மகன் தமிழரசன். அவர் ராணியைத் தூக்கி, அவள் ராஜாவின் பக்கத்திலிருந்த சிப்பாயை வெட்டிச் செக் வைத்ததும் மண்டபமே எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டது. கைதட்டல், விசில். "அவ்ளோதான், எழுந்துக்கோமா!" என்று ஒருவர் காதருகே கத்தினார். அவள் கடிகாரத்தில் இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. ராணியை வெட்டினாள். யானையால் செக் வந்தது. அந்த இரைச்சலில் ராஜாவைப் பின்னால் இழுத்தாள். அடுத்த நகர்த்தலில் மேட்.

திரும்பும் பஸ்ஸிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ராஜாவை முன்னால் ஏற்றியிருந்தால் அந்தப் பலி வெறும் வீண்செலவு. அதைக் கேட்க ஆள் இல்லை. ஆட்டத்தின் புகழ் மட்டும் வருசா வருசம் ஏறிக்கொண்டே போனது.

போட்டியை நடத்தும் தமிழரசன் நின்றிருந்த மேடைக்கு நேரே போனாள்.

"வக்கீல் சார், இன்னா இது? எனக்குப் பேரு இல்லியா?"

தமிழரசன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அட, நீங்களா! சின்ன விசயம்மா, அடுத்த தடவ போட்டுடலாம்."

"பேரு கெடக்கட்டும். இது அழியாத ஆட்டமா? நீங்க ஜெயிக்கல சார். நாலு பக்கமும் கத்திக்கினு இருந்தாங்க, அதுல நான் தோத்தேன்."

"அழகுன்னு ஒண்ணு இருக்கும்மா. அந்த ராணி பலிய எவ்ளோ பேரு பேசறாங்க!"

"தப்பான அழகு."

கூட்டம் கூடிவிட்டது. அவள் பக்கத்து மேசையில் இருந்த காய்களை அந்த யானைச் செக் வந்த நிலைக்கு மளமளவென்று அடுக்கினாள். "ராஜாவ முன்னால வச்சிட்டேன். ஆடுங்க."

மறுக்க முடியாமல் அவர் உட்கார்ந்தார். ஒன்பதாவது நகர்த்தலில் அவர் யானை போனது. பதினான்காவதில் குதிரை. அப்புறம் அவர் வாட்சைப் பார்த்து எழுந்துகொண்டார். "பசங்க ரவுண்டு ஆரம்பிக்கணும்."

"இருந்தாலும் அந்தப் பலி பிரமாதம்தான்" என்றார் பின்னாலிருந்த ஒருவர். இப்போதுதானே கண்ணெதிரே பார்த்தார்!

அன்று நடுவராக இருந்த பொன்னுரங்கம் வாத்தியார் மெதுவாக முன்னால் வந்தார். தலையெல்லாம் நரைத்திருந்தது. "அந்தப் பொண்ணு சொல்றது நெசம். கூட்டத்த நான் வெரட்டியிருக்கணும். நானும் கைதட்டிக்கினு நின்னேன்."

"இத இருபத்தோரு வருசமா ஏன் சார் சொல்லல?"

"யாரும் கேக்கலம்மா."

"நான் கேட்டனே! கூட்டத்த ஏன் வெரட்டலன்னு அன்னிக்கே வந்து கேட்டேன். 'வூட்டுக்குப் போ'ன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரை மன்னிக்கவில்லை.

அடுத்த மாதம் மாவட்டச் சதுரங்கச் சங்கத்தின் மலர் வந்தது. அதே ஆட்டம், அதே தலைப்பு. 'கறுப்பு: கோகிலவாணி' என்று அச்சாகியிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'ராஜாவை முன்னால் நகர்த்தியிருந்தால் கறுப்புக்கே வெற்றி.' சத்தம் போட்டவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

மில்லை நிறுத்திவிட்டுச் சங்கத்துக்குப் போன் போட்டாள்.

"பாதி போட்டிருக்கீங்க. மீதிய எப்போ போடுவீங்க?"